ரிங்கா, ரேடியலா? பிரிட்டன் வீடுகளின் சாக்கெட் வயரிங்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிரிட்டனில் ஒரு பழைய வீட்டை வாங்கிப் பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறோம், அல்லது கூரைக்குக் கீழே கிடக்கும் லாஃப்டை அறையாக்குகிறோம். வேலை பாதியில் இருக்கும்போது எலக்ட்ரிஷியன் கேட்பார்: "சாக்கெட்டுக்கு ரிங் போடவா, ரேடியல் போடவா?" நம்மில் பலர் "எது செலவு குறைவோ அதைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு டைல்ஸ் நிறம் பார்க்கப் போய்விடுகிறோம். டைல்ஸைப் பிறகும் மாற்றலாம். சுவருக்குள் போன கேபிளை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும்.

இரண்டும் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். தேர் நிலையிலிருந்து புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி மறுபடி நிலைக்கே வருவதுபோல, போர்டில் ஒரு பிரேக்கரிலிருந்து கிளம்பும் கேபிள் எல்லாச் சாக்கெட்டையும் தொட்டுக்கொண்டு அதே பிரேக்கருக்குத் திரும்பினால் அது ரிங். கடைசிச் சாக்கெட்டோடு நின்றுவிட்டால் ரேடியல். ரிங்கில் எந்தச் சாக்கெட்டுக்கும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வருகிறது. அதனால்தான் 2.5 சதுர மி.மீ. கேபிளை 32 ஆம்ப் பிரேக்கரில் மாட்ட அங்குள்ள வயரிங் விதிநூலான பி.எஸ். 7671 இடம் கொடுக்கிறது. ரேடியலில் அந்தச் சலுகை இல்லை. 2.5 கேபிள் என்றால் வழக்கமாக 20 ஆம்ப் பிரேக்கர்; 32 ஆம்ப் வேண்டுமென்றால் 4 சதுர மி.மீ. கேபிள்.

ரிங் போர்க்காலத்துப் பிள்ளை. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளை மறுபடி கட்டும்போது மின்வசதி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 1942-ல் ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கை 1944-ல் வந்தது. செம்புக்குத் தட்டுப்பாடு. அறைக்கு அறை மின் ஹீட்டர் வைக்கும் அளவுக்குச் சாக்கெட்டும் வேண்டும், கேபிளும் குறைவாகச் செலவாக வேண்டும். அதற்குக் கிடைத்த விடைதான் ரிங். ஆனால் ரிங்குக்கு அப்போது போட்ட 30 ஆம்ப் ஃபியூஸ் ஒரு மேசைவிளக்கின் மெல்லிய வயரைக் காப்பாற்றாது. ஆகவே பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் வைத்தார்கள். 1947-ல் பி.எஸ். 1363 தரத்தில் வந்த அந்தச் சதுர முள் பிளக்தான் இன்றும் அங்கே இருப்பது. அதற்கு முன் அவர்கள் புழங்கிய உருண்டை முள் பிளக்கின் வழிவந்ததைத்தான் நாம் இந்தியாவில் இன்னும் வைத்திருக்கிறோம்.

என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன்: புதிதாகப் போடுகிற இடத்தில் ரேடியல், ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கிற ரிங்கைக் கலைக்க வேண்டாம். இதற்கு ஒரே பெரிய காரணம், ரேடியல் அறுந்தால் தெரிந்துவிடும், ரிங் அறுந்தால் தெரியாது என்பது.

செய்ய வேண்டியவை

முதலில், இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கன்ஸ்யூமர் யூனிட், அதாவது பிரேக்கர் போர்டின் மூடியில் "சாக்கெட்ஸ்" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 32 என்று இருந்தால் பெரும்பாலும் ரிங். 20 என்றால் ரேடியல். பழைய ஃபியூஸ் போர்டானால் 30. ஆனால் இது ஊகம்தான். மூடியைக் கழற்றினால்தான், ஒரு பிரேக்கரில் இரண்டு லைவ் வயர் சேர்கிறதா, ஒன்றா என்பது தெரியும். அதைக் கழற்றுவது எலக்ட்ரிஷியன் வேலை. மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

சோதனைத் தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள். வீட்டு மின்னமைப்பைப் பரிசோதித்துத் தரும் ஈ.ஐ.சி.ஆர். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். பலர் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரிங் சர்க்கியூட்டுக்கு நேரே ஆர்1, ஆர்என், ஆர்2 என்று மூன்று கட்டங்கள்: லைவ், நியூட்ரல், எர்த் ஆகிய மூன்றும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் இருக்கின்றனவா என்று ஓம் கணக்கில் அளந்த எண்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது அவற்றைப் போல் ஏறத்தாழ 1.67 மடங்கு; ஏனென்றால் வழக்கமான தட்டைக் கேபிளில் லைவும் நியூட்ரலும் 2.5, எர்த் 1.5 சதுர மி.மீ.தான். 60 மீட்டர் சுற்றுள்ள ரிங் என்றால் 0.44, 0.44, 0.73 என்ற அளவில் வரும். கட்டம் காலியாக இருந்தாலோ, கோடு போட்டிருந்தாலோ, "இது ஏன் அளக்கப்படவில்லை?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; காசு கொடுத்தது அந்த மூன்று எண்ணுக்கும் சேர்த்துத்தான்.

அந்த எண்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? ரிங்கில் எங்கோ ஒரு சாக்கெட்டின் பின்னால் ஒரு லைவ் வயர் திருகிலிருந்து நழுவிவிட்டது என்று வையுங்கள். ஒரு சாக்கெட்டும் நிற்காது. கெட்டில் கொதிக்கும், டி.வி. ஓடும். மறுபக்கமிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும். ஆனால் இரண்டு கேபிள் பகிர்ந்து சுமந்ததை இப்போது ஒன்று தனியாகச் சுமக்கிறது. அதற்குமேல் உட்கார்ந்திருக்கும் காவலாளியோ 32 ஆம்ப். ஒரே கேபிளில் 30 ஆம்ப் மணிக்கணக்கில் ஓடினாலும் அந்த பிரேக்கர் டிரிப் ஆகாது, ஆகவும் கூடாது. 32 வரை விடுவதுதான் அதன் வேலை. ஆர்.சி.டி.யும் பேசாது, அது எர்த்துக்குக் கசிவதை மட்டுமே பார்க்கும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டர் பச்சையே காட்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் ஒரு வீடு ஓடலாம். கேபிள் மட்டும் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். ரேடியலில் அதே வயர் நழுவினால் அதற்கப்பால் உள்ள சாக்கெட்டெல்லாம் செத்துவிடும். அன்றே ஆளைக் கூப்பிடுவீர்கள்.

ரிங் அறுந்திருப்பதாக அறிக்கை சொன்னால் உடனே பிரேக்கரைப் பற்றிப் பேசுங்கள். இத்தகைய குறை பொதுவாக சி2, அதாவது ஆபத்துக்கு வாய்ப்புள்ளது என்ற குறியீட்டில் வரும். அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது ஒரு வழி. தரையைப் பெயர்க்காமல் அது முடியாதென்றால் இன்னொரு வழி உண்டு: மிஞ்சியிருக்கும் இரண்டு துண்டுகளையும் ரேடியலாகவே ஏற்றுக்கொண்டு 32-ஐ எடுத்துவிட்டு 20 ஆம்ப் போடுவது. போர்டில் இடமிருந்தால் துண்டுக்கு ஒன்றாக இரண்டு பிரேக்கர். நேர்மையான, மலிவான தீர்வு இது. அறுந்த முனைகளை மட்டும் தேடிப் பத்திரமாக முடித்துவிடச் சொல்லுங்கள்.

படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 20 ஆம்ப் ரேடியல் கேளுங்கள். 20 ஆம்ப் என்றால் 4,600 வாட். போன் சார்ஜர், லேப்டாப், டி.வி., மேசைவிளக்கு எல்லாம் சேர்த்தாலும் ஒரு மாடியில் 1,000 வாட்டை எட்டுவது அரிது. அந்தக் காலத்தில் அறைக்கு அறை மின் ஹீட்டர் இருந்ததால் ரிங் தேவைப்பட்டது. இப்போது அந்த வேலையை கேஸ் பாய்லரும் ரேடியேட்டரும் பார்க்கின்றன. வழக்கமான கணக்குப்படி 20 ஆம்ப் ரேடியல் ஒன்று 50 சதுர மீட்டர் தரைக்குப் போதும். ரிங் 100, 4 சதுர மி.மீ. 32 ஆம்ப் ரேடியல் 75. மாடிக்கொரு ரிங் இருந்த வீட்டில் மாடிக்கு இரண்டு ரேடியல் போட்டால், ஒன்று டிரிப் ஆனாலும் பாதி மாடிச் சாக்கெட்டுகளில் கரண்ட் இருக்கும்.

சமையலறையைத் தனியாக நினையுங்கள். இங்கேதான் வாக்குவாதம் உண்மையாகவே சூடாகும். கெட்டில் 3,000 வாட், டம்பிள் டிரையர் 2,500, பாத்திரம் கழுவும் இயந்திரம் 2,000, துணி துவைக்கும் இயந்திரம் 2,200. (நம் கிரைண்டரும் மிக்ஸியும் ரைஸ் குக்கரும் சத்தம் போடும் அளவுக்குக் கரண்ட் எடுப்பதில்லை, அவற்றின்மேல் பழி போடாதீர்கள்.) கெட்டில் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். டிரையர் ஒரு மணி நேரம் ஓடும். நீண்ட நேரம் இழுப்பவைதான் கேபிளைச் சுடவைப்பவை. சமையலறைக்கென்று தனி ரிங், அல்லது 4 சதுர மி.மீ. ரேடியல் ஒன்று. அதோடு, போர்டில் இடமிருந்தால் துணி துவைப்பதற்கும் டிரையருக்கும் ஒரு தனி 20 ஆம்ப் ரேடியல். மின் அடுப்புக்கும் மின் ஷவருக்கும் எப்போதும் தனிச் சர்க்கியூட்தான், அதில் பேச்சே இல்லை.

ரிங்தான் என்று முடிவானால், சமையலறைச் சாக்கெட்டுகள் வளையத்தின் எந்த இடத்தில் வருகின்றன என்று கேளுங்கள். கரண்ட் இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரியும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த தூரத்தில்தான் அது அதிகம் ஓடும். 50 மீட்டர் வளையத்தில் போர்டிலிருந்து 5 மீட்டரில் சமையலறை இருந்து, அங்கே 30 ஆம்ப் இழுத்தால், கிட்டத்துக் கேபிளில் 27 ஆம்ப், தூரத்துக் கேபிளில் 3 ஆம்ப். விதியோ ஒவ்வொரு பக்கக் கேபிளும் குறைந்தது 20 ஆம்ப் தாங்க வேண்டும், நீண்ட நேரம் அதன் திறனுக்குமேல் போகவும் கூடாது என்கிறது. போர்டு சமையலறைச் சுவரிலேயே இருக்கும் வீடுகளில் ரிங் தாளில் மட்டும்தான் ரிங்.

கேபிள் எதற்குள் போகிறது என்று கவனியுங்கள். இதைச் சொல்லாமல் ரிங்கும் ரேடியலும் ஒப்பிட்டால் பாதிக் கதைதான். அதே 2.5 கேபிள் சுவர்ப் பூச்சுக்குள் நேராகப் பதிந்திருந்தால் 27 ஆம்ப் தாங்கும். லாஃப்டில் 100 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பளிக் காப்புக்கு அடியில் கிடந்தால் 17. நாலாபுறமும் காப்பு மூடிய மரச்சுவருக்குள் 13.5. 17-ம் 13.5-ம் ரிங்குக்குத் தேவையான 20-க்குக் கீழே; 20 ஆம்ப் ரேடியலுக்கும் போதாது. 4 சதுர மி.மீ. கேபிளும் அப்படியே: பூச்சுக்குள் 37, தடித்த காப்புக்கு அடியில் 22, அங்கே அதை 32 ஆம்ப் பிரேக்கரில் போட முடியாது. குளிருக்காக லாஃப்டில் புதுக் காப்பு விரிக்கும் ஆட்கள் கேபிளை மேலே தூக்கிவைத்துவிட்டு விரிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கணினிகள் நிறைய உள்ள வீட்டு அலுவலகத்துக்கு ரிங்கின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கணினி போன்ற கருவிகள் ஒவ்வொன்றும் எர்த்தில் கொஞ்சம் கரண்ட் விடும். பல சேர்ந்தால் எர்த் வயர் அறுவது ஆபத்து. ரிங்கில் எர்த்துக்கும் இரண்டு வழி. ரேடியலிலும் கடைசிச் சாக்கெட்டிலிருந்து ஓர் எர்த் வயரைத் திருப்பிக் கொண்டுவந்து அதே பலனைப் பெறலாம். ஆனால் சாதாரண வீட்டில் ஒன்றிரண்டு லேப்டாப்புக்கு இவ்வளவு வேண்டாம்.

போர்டு மாற்றும்போது சர்க்கியூட்டுக்கு ஒரு ஆர்.சி.பி.ஓ. (பிரேக்கரும் ஆர்.சி.டி.யும் ஒன்றில் சேர்ந்தது) கேளுங்கள், இரண்டு ஆர்.சி.டி.க்குள் எல்லாவற்றையும் திணிப்பதைவிட மேல். நான்கு இடங்கள் காலியாகவும் விடச் சொல்லுங்கள். ரேடியலுக்குப் பிரேக்கர் அதிகம் வேண்டும். நாளைக்கு மின்காருக்கும் ஓர் இடம் வேண்டும்.

வேலை முடிந்ததும் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். இங்கிலாந்தில் கட்டட விதிகளின் மின்பாதுகாப்புப் பகுதியான பார்ட் பி (P) 2005 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. புதுச் சர்க்கியூட் போடுவதும் கன்ஸ்யூமர் யூனிட் மாற்றுவதும் அதன்படி தெரிவிக்க வேண்டிய வேலைகள். என்.ஐ.சி.ஈ.ஐ.சி., நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிவான எலக்ட்ரிஷியன் என்றால் அவரே தெரிவித்துவிடுவார். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு.

செய்யக்கூடாதவை

ஸ்பரிலிருந்து ஸ்பர் இழுக்காதீர்கள். ரிங்கின் ஒரு சாக்கெட்டிலிருந்து கிளையாக ஒரு கேபிள் இழுத்து ஓர் ஒற்றைச் சாக்கெட்டோ இரட்டைச் சாக்கெட்டோ போடலாம், அதோடு சரி. அந்தக் கிளையிலிருந்து இன்னொரு கிளை என்று போனால், ஒற்றை 2.5 கேபிள் நான்கு சாக்கெட்டின் சுமையை 32 ஆம்ப் காவலில் தூக்கும். மேலும் சாக்கெட் வேண்டுமென்றால் 13 ஆம்ப் ஃபியூஸ் உள்ள ஸ்பர் யூனிட் வைத்து அதற்கப்பால் போடுங்கள், இல்லையேல் வளையத்தை அவிழ்த்துப் புதுச் சாக்கெட்டை உள்ளே சேருங்கள். வார இறுதியில் வீட்டுக்காரரே செய்த வேலைகளில் அதிகம் காணப்படும் தவறு இதுதான். ரேடியலில் இந்தத் தலைவலியே இல்லை. பிரேக்கரும் கேபிளும் பொருந்துவதால் எங்கே வேண்டுமானாலும் கிளை பிரிக்கலாம்.

இரட்டைச் சாக்கெட்டை 26 ஆம்ப் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு 13 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பி.எஸ். 1363 தரத்தில் இரட்டைச் சாக்கெட்டின் சூட்டுச் சோதனை மொத்தம் 20 ஆம்பில்தான் நடக்கிறது. துவைக்கும் இயந்திரத்தையும் டிரையரையும் ஒரே இரட்டைச் சாக்கெட்டில் சேர்த்து ஓட்டினால் பிளாஸ்டிக் பழுப்பாகும். பழுப்பு கண்ட சாக்கெட்டை அன்றே மாற்றுங்கள்.

20 ஆம்ப் அடிக்கடி டிரிப் ஆகிறதென்று அதே கேபிளில் 32 போடச் சொல்லாதீர்கள். "சரி அண்ணா, மாற்றிவிடுகிறேன்" என்று உடனே சொல்லும் ஆளிடம் அடுத்த வேலையும் கொடுக்காதீர்கள்.

இரண்டு ரிங்கை ஒன்றோடொன்று கலக்காதீர்கள். கீழ்மாடி ரிங்கும் மேல்மாடி ரிங்கும் எங்கோ ஒரு சாக்கெட்டில் இணைந்துவிட்டால், ஒரு பிரேக்கரை அணைத்த பிறகும் அந்த வயரில் மின்சாரம் இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைப்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

லாஃப்ட் அறைக்குக் கீழ்மாடி ரிங்கிலிருந்து கடன் வாங்காதீர்கள். போர்டிலிருந்து நேராக ஒரு 20 ஆம்ப் ரேடியல் போகட்டும்.

4 சதுர மி.மீ. கேபிளை 25 மி.மீ. பெட்டிக்குள் திணிக்க விடாதீர்கள். அது விறைப்பான கேபிள். மடித்து அழுத்திச் சாக்கெட்டை முறுக்கும்போது திருகு தளரும். தளர்ந்த திருகுதான் சூட்டின் பிறப்பிடம். 35 மி.மீ. ஆழப் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். ரிங்கை விரும்பும் எலக்ட்ரிஷியன்கள் சொல்லும் காரணங்களில் இந்த விறைப்பும் ஒன்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

வாடகைக்கு விட்ட வீட்டில் அறிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள். இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு அதிகபட்சம் 5 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். சி2 வந்தால் 28 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அறை அறையாகப் பலருக்கு விட்டிருப்பவர்கள் இன்னும் கவனம் வேண்டும். பனிக்காலத்தில் ஒவ்வோர் அறையிலும் ஒரு 2,000 வாட் ஹீட்டர் ஓடும், வீட்டுக்காரருக்குச் சொல்லமாட்டார்கள். அங்கே ஒரே ரிங்கில் எல்லா அறையையும் கட்டுவது தவறான கணக்கு.

பிளக் ஃபியூஸ் போனால் எல்லாவற்றுக்கும் 13 போடாதீர்கள். மேசைவிளக்குக்கு 3 ஆம்ப்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியை எல்லா முள்ளும் நுழையும் மலிவு அடாப்டரில் மாட்டாதீர்கள். பலவற்றில் ஃபியூஸே கிடையாது. வயரை வெட்டி, ஃபியூஸ் உள்ள சதுர முள் பிளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பிரிட்டனில் பார்த்துப் பழகிய ரிங்கைத் தமிழ்நாட்டில் கட்டும் வீட்டுக்குப் போடச் சொல்லாதீர்கள். அங்கே 6 ஆம்ப், 16 ஆம்ப் பிளக்குகளில் ஃபியூஸ் கிடையாது. 32 ஆம்ப் பிரேக்கருக்குக் கீழே ஃபியூஸ் இல்லாத பிளக்கும் மெல்லிய வயரும் வந்தால், அந்த வயர் பழுதாகி அதிகக் கரண்ட் இழுத்தாலும் வெட்ட ஆளில்லை. அந்த ஊருக்கு ரேடியல் மட்டுமே.